ஃப்ளா இல்லாத வீடு

கூடத்துச் சுவரில் முதல் வட்டத்தைப் பார்த்தவன் நான்தான்.

காலை வெயில் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே சாய்வாக நுழைந்து, முந்தின நாள் அடித்து முடித்திருந்த வெள்ளைப் பெயின்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. புது வாசனை தொண்டையில் கரகரத்தது. சுவரின் நடுவே, என் நெஞ்சு உயரத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மஞ்சளாய் ஒரு நிழல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். நிழல் போகவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கதவு நிலைக்கு மேலே ஒன்று. திரும்பிப் பார்த்தால் எதிர்ச் சுவரிலும்.

என் மனைவி செல்வி துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"ஏங்க, சுவத்துக்குப் படர்தாமரை வந்திருக்கா?"

"ஈரம் காயலை போல."

"ஈரம் வட்டம் வட்டமாவா காயும்?"

அவள் பார்வை சுவரிலிருந்து மெல்ல இறங்கி என் சட்டைப் பையில் வந்து நின்றது. பையில் மஞ்சள் நிறத்தில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஓ," என்றாள். அவ்வளவுதான். அந்த 'ஓ'வுக்குப் பிறகு கூட்டுவதை நிறுத்திவிட்டாள்.

வைகாசியில் மீதி இருந்தது சில நாட்கள்தாம். மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது. அது தவறினால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் எங்கள் பக்கத்தில் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆவணிதான். ஆவணி வரை காத்திருக்க நாங்கள் தயாராக இருந்தாலும், குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் தயாராக இல்லை. அவர் மகள் குடும்பத்தோடு துபாயிலிருந்து வருகிறாள். எங்களுக்கு முன்பே அவள் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

செல்வி கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளில்தான் குடித்தனம் செய்தாள். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அடித்தவள். புதுவீட்டின் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டிய அன்று அவளிடம், "ஒனக்கு இந்த வீட்டுல என்ன வேணும்?" என்று பெருந்தன்மையாகக் கேட்டேன். "ஒரு ஆணி. யாரையும் கேக்காம," என்றாள்.

அந்த ஆணிக்குத்தான் இப்போது சுவர் இல்லை.

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தார்: "நாட்குறிப்பு, மேசை, செருப்பு வரிசை எல்லாவற்றிலும் இவ்வளவு ஒழுங்கு பார்க்கும் உங்களோடு, வீட்டில் மற்றவர்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள்?" அதற்கான பதில் இந்த வாரம்.

அந்தச் சொல் என்னிடம் வந்த விதம்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில், கீரனூரைத் தாண்டி, பாய்லருக்கான குழாய்களும் சட்டங்களும் வெல்டிங் செய்யும் ஒரு பட்டறையில் நான் தரப் பரிசோதகன். வெல்டு வெளியே பார்க்க வழுவழுவென்று இருக்கும். உள்ளே காற்றுக்குமிழோ, கசடோ, மயிரிழை விரிசலோ இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு. உலோகத்துக்குள் ஒலி அலையை அனுப்பி, அது எங்கே முட்டித் திரும்புகிறது என்று திரையில் காட்டும். அதன் பெயர் ஃப்ளா டிடெக்டர்.

வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் 'ஃப்ளா' என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டேன். பள்ளியில் எங்களுக்கு 'மிஸ்டேக்' உண்டு, 'எரர்' உண்டு. அவற்றை நிறையவே செய்திருந்தோம். ஆனால் இந்தச் சொல் வந்ததில்லை. என் முதல் அதிகாரி குட்டையான, வெற்றிலை போடும் மனிதர். கருவியை ஒரு கையிலும், தடித்த மஞ்சள் மெழுகுக் குச்சி ஒன்றை மறு கையிலும் கொடுத்தார்.

"ஃப்ளா கெடைச்சா வட்டம் போடு. கெடைக்கலைன்னா சும்மா இரு. வேலை அவ்வளவுதான்."

அன்று சாயங்காலமே அகராதியைப் புரட்டினேன். குறை, வழு, பழுது, மாசு என்று போட்டிருந்தது. நான்கும் எனக்குத் தெரிந்த சொற்கள்தாம். ஆனால் எதிலும் அந்தச் சொல்லில் இருந்த மிடுக்கு இல்லை. 'உன்னிடம் குறை இருக்கிறது' என்றால் சண்டை வரும். 'ஒரு ஃப்ளா இருக்கிறது' என்றால், சொல்பவர் விஷயம் தெரிந்தவர் என்ற தோற்றம் வரும். எனக்கு அந்தத் தோற்றம் தேவைப்பட்டது. மீசை அப்போது சரியாக முளைத்திருக்கவில்லை.

மாம்பழத்துக்கு ஒன்று, சேலைக்கு ஒன்று

இங்கே கொஞ்சம் விலகிப் போக அனுமதியுங்கள்.

நம் ஊரில் குறைக்கு ஒரே பெயர் கிடையாது. பொருளுக்குப் பொருள் பெயர் மாறும். மாம்பழம் என்றால் 'அடி'. சேலை என்றால் 'டேமேஜ்'. பானை என்றால் 'விரிசல்', பித்தளைக் குடம் என்றால் 'நசுங்கல்', கத்திரிக்காய் என்றால் 'சொத்தை', தேங்காய் என்றால் 'அழுகல்', ஜாதகம் என்றால் 'தோஷம்'. புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் துணி எடுக்கப் போன ஒருவர், "இந்தச் சேலையில சொத்தை இருக்கு" என்று சொல்லிப் பார்க்கட்டும், கடைப்பையன்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள்.

இத்தனை சொற்களையும் பொருத்தம் பார்த்துப் பயன்படுத்த மூளை வேண்டும். எனக்கு அந்தச் சிரமம் இல்லாமல் போயிற்று. மாம்பழத்தில் ஃப்ளா. சேலையில் ஃப்ளா. சாம்பாரில் ஃப்ளா. பேருந்து நடத்துநர் கிழித்துத் தந்த டிக்கெட்டின் ஓரத்தில் ஃப்ளா. செல்வியின் சித்தப்பா தம் மகன் கல்யாணப் பத்திரிகையை வைத்துவிட்டு நிமிர்வதற்குள், "மாமா, இந்த எழுத்து ஒரு இழை சாய்ஞ்சிருக்கு, ஃப்ளா," என்று சொன்னவன் நான். அவர் அந்தப் பத்திரிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்குப் போனோம், பந்தியில் எனக்கு அப்பளம் வைக்கவில்லை. வேண்டுமென்றே என்று இன்றும் நம்புகிறேன்.

சொல் வீட்டுக்கு வந்ததோடு நிற்கவில்லை. குச்சியும் வந்தது. சட்டைப் பையில் இருப்பதை மறந்து வந்துவிடுவேன். வந்த பிறகு அதற்கு ஒரு வேலை கொடுக்காமல் எப்படி இருப்பது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டறையில் எனக்கு நல்ல பெயர். 'அவரு அநியாயமா கழிக்க மாட்டாரு' என்று வெல்டர்கள் சொல்வார்கள். ஏனென்றால் அங்கே ஒரு விதி இருக்கிறது. ஃப்ளா என்பது வேறு, டிஃபெக்ட் என்பது வேறு. உலோகத்தில் இருக்கும் எந்தச் சின்னப் பிசிறும் ஃப்ளாதான். ஆனால் அது எவ்வளவு நீளம், எந்த இடம் என்று பார்த்து, விதிப் புத்தகம் சொல்லும் அளவைத் தாண்டினால் மட்டுமே டிஃபெக்ட். தாண்டாவிட்டால் அந்தக் குமிழ் அங்கேயே இருக்கலாம். பாய்லர் எரியும், ஆவி வரும், ஊருக்கு மின்சாரம் போகும். குமிழோடுதான் போகும்.

இந்த விதியைப் பல வருடங்களாகப் புதிதாகச் சேருபவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். பட்டறை வாசலைத் தாண்டியதும் அது எனக்கு மறந்துவிடும்.

அழியாத குச்சி

வீட்டைக் கட்டியவர் சின்னத்துரை மேஸ்திரி. குளத்தூர்க்காரர். பூச்சு, அதை வழவழப்பாக்க மேலே தேய்க்கும் பட்டி, பெயின்ட் எல்லாமே அவர் ஆட்கள்தாம். வாய் பெரிது. தாம் கட்டிய சுவரில் பல்லி கூட வழுக்கி விழும் என்பார்.

பூச்சு முடிந்து பட்டி பார்த்த சமயத்தில், வேலை முடிந்து தினமும் நான் புதுவீட்டுக்குப் போவேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் குச்சி. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால், மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். நேராகப் பார்த்தால் யார் கண்ணுக்கும் தெரியாதவை. எனக்கு அது பெரிய சந்தோஷம். பார்க்கும் இடத்தில் எல்லாம் வட்டம் போட்டேன். மறுநாள் காலை மேஸ்திரியின் ஆட்கள் வட்டத்துக்குள் பட்டியை இழுத்துத் தேய்ப்பார்கள். சாயங்காலம் நான் வேறு வட்டம் போடுவேன்.

ஒரு நாள் மேஸ்திரி வட்டத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது என்ன சார், சாக்பீஸ் மாரி இல்லையே. அழியுமா?"

எனக்குப் பெருமை பொங்கியது. "அழியாது மேஸ்திரி. வெயில், மழை, எண்ணெய், எதுக்கும் அழியாது. கம்பெனிச் சரக்கு."

எவ்வளவு அழகான பதில்! இன்று நினைத்தாலும் புல்லரிக்கிறது.

கடைசியில் பூஜையறைப் பக்கச் சுவரில் ஒரே இடத்தில் மூன்றாவது முறையாக வட்டம் போட்டபோது, மேஸ்திரி பூச்சுக் கரணையைக் கீழே வைத்தார்.

"சார், இது சுவரா, இல்ல ராக்கெட்டா?"

"ஒரு சின்ன ஃப்ளா மேஸ்திரி. இங்கிட்டு நின்னு பாருங்க, தெரியும்."

"நீங்க நிக்கிற எடத்துல யாரு சார் நிக்கப்போறா? அங்கிட்டு பீரோ வரப்போகுதுன்னு அம்மா சொன்னாங்க. பீரோவா பார்க்கும்?"

ஒத்துக்கொண்ட வேலை என்பதால் பெயின்டை முடித்துக் கொடுத்தார். முடித்த அன்று சாயங்காலம், "இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, சாரக் கம்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு குளத்தூரில் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் காலைதான் வட்டங்கள் எழுந்து வந்தன. மெழுகும் எண்ணெயும் கலந்த குச்சி. அதற்கு மேல் அடித்த தண்ணீர்ப் பெயின்டைத் துளைத்துக்கொண்டு மஞ்சள் வெளியே வந்துவிட்டது.

ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மேஸ்திரி எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார். அந்த வீடு முழுவதிலும் பழுது என்று இருந்தவை நான் போட்ட வட்டங்கள் மட்டும்தான்.

திருச்சியில் கல்லூரியில் படிக்கும் மகள் மலருக்குச் செல்வி படம் எடுத்து அனுப்பினாள். உடனே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, நீங்க ஃப்ளா டிடெக்டர் இல்லப்பா. ஃப்ளா ஃபேக்டரி."

சாரத்துக்குக் கீழே

குளத்தூருக்கு நானே போனேன். வேறு வழியில்லை. மேஸ்திரியைத் தவிர வேறு யாரும் இவ்வளவு குறுகிய நாளில் ஆள் சேர்த்து வேலையை முடிக்க மாட்டார்கள்.

மாடி வீடு ஒன்றின் வெளிப்பக்கத்தில் சாரம் கட்டி, மேலே நின்று பூசிக்கொண்டிருந்தார். நான் கீழே வெயிலில் நின்றேன்.

"மேஸ்திரி, வணக்கம்."

மேலிருந்து கரணை உரசும் சத்தம் மட்டும் வந்தது.

"மேஸ்திரி, நான்தான்."

"தெரியுது சார். டார்ச் கொண்டாந்தீங்களா?"

"இல்ல மேஸ்திரி."

"ரசமட்டம்?"

"இல்ல."

"அப்ப ஏதோ பெரிய கஷ்டம்தான். சொல்லுங்க."

சொன்னேன். வட்டங்கள் எழுந்து வந்ததைச் சொல்லும்போதே சாரம் குலுங்க ஆரம்பித்தது. முதலில் பயந்துவிட்டேன். பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கலவை போட்டுக்கொண்டிருந்த ஆட்களை எல்லாம் கூப்பிட்டார்.

"ஏய், இங்கிட்டு வாங்கப்பா! சார் வீட்டுச் சுவத்துல கோலம் மொளைச்சிருக்காம்!"

ஆட்கள் வந்து நின்றார்கள். நான் இன்னொரு முறை முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சொன்னபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"கீரனூர்லேருந்து புதுக்கோட்டை வரைக்கும் ரோட்டோரம் பாதி வீடு நான் கட்டுனதுதான் சார். எந்த வீட்டுச் சுவத்துலயும் வீட்டுக்காரரு கையால பழுது வந்ததில்ல. நீங்கதான் மொத ஆளு."

"சரி மேஸ்திரி. வாங்க. செல்வி அழுறா." அது பொய். செல்வி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். காலையிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை.

"அம்மாவுக்கு ஒரு போனப் போடுங்க. அவுங்க சொல்லட்டும்."

செல்விக்குப் போன் போட்டு, எட்டி மேலே கொடுத்தேன். மேஸ்திரி முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினார். "சரிங்கம்மா... ஆமாங்கம்மா, சுரண்டித்தான் எடுக்கணும்... ரெண்டு நாள் காயணும்ல..." பிறகு வெகுநேரம் தலையாட்டிக் கேட்டார். பிறகு மறுபடி சாரம் குலுங்கியது. "அதுவும் சரிதாங்கம்மா. செஞ்சுபுடலாம்."

எதைச் செய்துவிடலாம் என்று நான் கேட்கவில்லை. அந்த நிலைமையில் நான் கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேஸ்திரி நிபந்தனை சொன்னார்.

"கிரகப்பிரவேசத்தன்னைக்கு மாடு உள்ள போற வரைக்கும் நீங்க அந்த வீட்டுக்குள்ள காலு வைக்கக் கூடாது."

"மாட்டுக்குப் பின்னாலதான் நானா?"

"மாடு எதையும் தட்டிப் பார்க்காது சார்."

ஆட்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த கண்ணுக்கு நேரே, அந்த வீட்டின் அடிச்சுவரில், பூச்சு ஓர் இடத்தில் லேசாக அலை அடித்திருந்தது. என்னையறியாமல் கை சட்டைப் பைக்குப் போனது.

"கை அங்கேயே இருக்கட்டும் சார்," என்றார் மேஸ்திரி மேலிருந்து. "இல்ல, வேணாம். எடுங்க. எடுத்து இங்க குடுங்க."

சிமென்ட் படிந்த உள்ளங்கை சாரத்திலிருந்து கீழே நீண்டது. குச்சியை அதில் வைத்தேன். வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார்.

ஆடிக்கொண்டே வேகும் குக்கர்

அன்று மத்தியானமே மேஸ்திரி ஆட்களோடு வந்துவிட்டார். நான் வாடகை வீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான். அங்கே சுரண்டும் சத்தம் இங்கே என் பல்லில் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் பட்டி காயாது. பட்டி காயாவிட்டால் பெயின்ட் கிடையாது. பெயின்ட் இல்லையென்றால் முகூர்த்தம் கிடையாது. செல்வி தெருவைத் தாண்டி வந்து, "அந்தப் பெரிய ஃபேனைத் தூக்கிட்டு வாங்க," என்றாள். பேசாமலிருந்த பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை அது. தூக்கிக்கொண்டு ஓடினேன். புதுவீட்டு வாசலில், திருஷ்டிப் பூசணிக்காய்க்குக் கீழே, மேஸ்திரி கையைக் குறுக்கே நீட்டினார்.

"அங்கேயே வைங்க சார். நாங்க எடுத்துக்கிறோம்."

நான் கட்டிய வீட்டின் வாசலில் மின்விசிறியை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். தூறல் நாலு சொட்டு போட்டு, செம்மண் வாசனையைக் கிளப்பிவிட்டு, மழை குளத்தூர்ப் பக்கம் போய்விட்டது. அங்கே மேஸ்திரி பாதியில் விட்டுவந்த சுவர் நனைந்திருக்கும். அதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை.

அடுத்த நாள் விடுப்பு எடுத்து, செல்வியோடு உட்கார்ந்து பாத்திரங்களைக் கட்டினேன். பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலை. குக்கரை எடுத்தேன். கைப்பிடி ஓரத்தில் மஞ்சள் வட்டம்.

"இது எதுக்கு?"

"நீங்கதான் போட்டீங்க. கைப்பிடி ஆடுதுன்னு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. ஆடிக்கிட்டேதான் வேகுது."

இட்லிப் பானையின் அடியில் ஒரு வட்டம். அண்டாவின் நசுங்கலைச் சுற்றி ஒரு வட்டம். பீரோக் கண்ணாடியின் மூலையில், பாதரசம் உரிந்த இடத்தில் ஒன்று. மலர் சிறுவயதில் சாப்பிட்ட தட்டில் கூட ஒன்று. ஒவ்வொன்றையும் நான்தான் கண்டுபிடித்திருந்தேன். ஒன்றையாவது நான் சரி செய்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் கைப்பிடியை முறுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் என் வேலை வட்டம் போடுவதோடு முடிந்தது. பட்டறையில் சரி செய்ய வெல்டர் இருந்தார். இங்கே யாரும் இல்லாததால் செல்வி அப்படியே சமைத்திருக்கிறாள்.

அவள் அண்டாவைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஒங்க கம்பெனியில ஃப்ளா இருந்தா எல்லாத்தையும் கழிச்சுப்புடுவீங்களா?"

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் உற்சாகமாகப் பதில் சொல்பவன். "அதெப்படி? ஒரு லிமிட் இருக்கு. அதுக்குள்ள இருந்தா விட்டுருவோம். அதைத் தாண்டுனாத்தான் டிஃபெக்ட்."

"வீட்டுக்கு லிமிட் எவ்வளவுங்க?"

செய்தித்தாளை நான்காக மடித்தேன். பிறகு எட்டாக மடித்தேன்.

"யாரும் எழுதிக் குடுக்கலை," என்றேன்.

"அப்ப நான் சொல்றேன். அடுப்பு எரியணும். மழை உள்ள வரக் கூடாது. அவ்வளவுதான்."

"கதவு?"

"கதவு சாத்தணும்."

"சாத்துனா மட்டும் போதுமா? தாழ்ப்பாள் நேரா—"

"ஏங்க."

"சரி," என்றேன். அட்டைப் பெட்டிகளைக் கட்டி முடித்த பிறகு, ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்து, குக்கரை மறுபடி பிரித்து, கைப்பிடியை முறுக்கினேன். செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மறுபடி நான்தான் கட்ட வேண்டியிருந்தது.

பால் பொங்கிய காலை

முகூர்த்தம் விடியலில். மாடு வாசலில் கொஞ்சம் தயங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான்தான் அதற்கும் ஏதோ சொல்லிக் கொடுத்ததைப் போல. பிறகு அது தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, கூடத்தைச் சுற்றி, புது டைல்ஸ் மேல் சாணி போட்டது. மேஸ்திரி என் காதருகே குனிந்தார்.

"சார், அது ஃப்ளாவா?"

"நல்ல சகுனம் மேஸ்திரி."

"தேறிட்டீங்க," என்றார்.

மாட்டுக்குப் பின்னால் நான் நுழைந்தேன். கூடத்துச் சுவர்கள் வெள்ளையாக நின்றன. ஒரு மஞ்சள் கூட இல்லை. பூஜையறைப் பக்கம் பார்த்தேன், கதவு நிலைக்கு மேலே பார்த்தேன், எல்லாம் சுத்தம். விளக்கு வெளிச்சத்தில் சுவர் எப்படி இருக்கிறது என்று சாய்ந்து பார்க்கக் கழுத்து தானாக ஒரு பக்கம் போனது. திருப்பி இழுத்துக்கொண்டேன்.

அடுக்களையில் செல்வி புது அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரே முயற்சியில் எரிந்தது. புதுப் பானையில் பால் நுரைத்து மேலே வந்து, கிழக்கே பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள். கேஸ் அடுப்பில் என்ன புகை?

அப்போதுதான் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், அவள் நின்று சமைக்கும்போது கண்ணுக்கு நேராக வரும் இடத்தில், ஒரு மஞ்சள் வட்டம். பெயின்டுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது அல்ல. பெயின்டுக்கு மேலே, புத்தம் புதிதாக, அழுத்தி வரைந்தது.

"மேஸ்திரி!" என்றேன்.

மேஸ்திரி இரண்டு கையையும் விரித்தார். "என்னைக் கேக்காதீங்க. குச்சிய அம்மா வாங்கிக்கிட்டாங்க. ஒங்ககிட்டேருந்து வாங்கியாரச் சொல்லி போன்ல அன்னைக்கே சொல்லிட்டாங்க."

செல்வியின் சித்தப்பா, அந்தப் பத்திரிகைச் சித்தப்பாதான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சுவரைத் தடவினார். வட்டத்துக்குள் விரலை வைத்து மேலும் கீழும் தேய்த்தார்.

"என்ன மாப்ள, இங்க ஒண்ணுமே இல்லையே. வழுவழுன்னுல்ல இருக்கு. எதுக்கு வட்டம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி திரும்பாமலே பதில் சொன்னாள்.

"திருஷ்டிக்குச் சித்தப்பா. கொழந்தைக்குக் கன்னத்துல மை வைக்கிறதில்லையா? சுவரு ரொம்ப நல்லா வந்திருச்சு. அதான்."

"அதுக்கு மஞ்சள்லயா வைப்பாங்க?"

"இந்த வீட்டுல அப்படித்தான். எல்லாத்துலயும் ஒண்ணு இருக்கும்."

சித்தப்பா என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப சரி. நல்லா இருந்தாச் சரி. ஒரு காலண்டர மாட்டி மறைச்சுரு தாயி."

"காலண்டருக்கு வேற எடம் பார்த்து வச்சிருக்கேன்," என்றாள் செல்வி. சுத்தியலும் ஆணியும் அடுப்பு மேடையில் தயாராக இருந்தன. எப்போது எடுத்து வைத்தாள் என்று தெரியவில்லை. எதிர்ச் சுவருக்குப் போய், ஓர் இடத்தில் ஆணியை வைத்து, யாரையும் கேட்காமல், ஓங்கி அடித்தாள். சின்னதாக ஒரு துண்டு பெயின்ட் உதிர்ந்து விழுந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்று பந்தியில் சித்தப்பா தாமே நின்று எனக்கு இரண்டு அப்பளம் வைக்கச் சொன்னார்.

அந்த வட்டம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கிறது, அழியவில்லை. கம்பெனிச் சரக்கு. தினமும் காலையில் காப்பிக்காக அடுக்களையில் போய் நிற்கும்போது அதை நான் பார்க்கிறேன். அது சரியான வட்டம் இல்லை. இடப்பக்கம் கொஞ்சம் நீண்டு, கீழே சேரும் இடத்தில் கோடு ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது.

செல்வியிடம் இதுவரை சொல்லவில்லை.